மண்டையோட்டுக் குப்பி

லேபுக்குள் நுழைந்ததும் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டார் பேராசிரியர் ராஜையன். மறந்துபோன குடையை எடுக்கத் திரும்பி வந்த அவருடைய ஆராய்ச்சி மாணவி ரெஜிஷா, கதவில் பதித்திருந்த கண்ணாடி வழியாக அதைப் பார்த்துவிட்டாள்.

அவர் வேதிப்பொருள் ஃபிரிட்ஜைத் திறந்து, கடைசி மூலையிலிருந்து ஒரு பழுப்புக் குப்பியை எடுத்தார். அதில் பேர் ஏதும் இல்லை. மண்டையோடும் எலும்பும் வரைந்த தாள் மட்டும் ஒட்டியிருந்தது. பேர் எழுதாத குப்பியை மேசையில் வைத்ததற்காக ரெஜிஷாவை ஒருநாள் அழ வைத்துவிட்ட மனிதர் அவர்.

மூடியைத் திருகினார். கண்ணை இறுக மூடிக்கொண்டு, அண்ணாந்து வாயில் ஊற்றினார்.

 படித்தது போதும், கல்யாணம்தான் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றபோது, ரெஜிஷாவின் ஊரான சிதறாலுக்கே வந்து அவள் அப்பாவிடம் பேசி அவளை ஆராய்ச்சிக்கு அழைத்து வந்தவர். அவள் கண் முன்னால் அவர் சாவதா?

இப்படி ஏதாவது நடக்கும் என்று அவளுக்குக் கொஞ்ச நாளாகவே பயம்தான். பல்கலைக்கழக வளாகத்தில் பாட்டிலில் அடைத்த இனிப்புப் பானம் எதுவும் விற்கக் கூடாது என்று உத்தரவு போட்ட கமிட்டிக்குத் தலைவர் இவர். பையன்கள் சும்மா இருப்பார்களா? ‘சர்க்கரைச் சனியன்’ என்று பேர் வைத்து, படம் வரைந்து வாட்ஸப்பில் ஓட்டு ஓட்டென்று ஓட்டினார்கள்.

கேன்டீனிலிருந்து அந்தப் பாட்டில்களைக் காலி செய்த அன்றிலிருந்து சார் ஆளே மாறிப்போனார். தலைவலி என்பார், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார். வகுப்பில் பாதிப் பேச்சில் ஜன்னலைப் பார்த்து நின்றுவிடுவார்.

ரெஜிஷா கதவைப் படபடவென்று தட்டினாள். “சாரே, கதவத் தொறங்க. என்ன காரியம் செய்யுதிய?”

ராஜையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. குப்பியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“நீ ஒண்ணும் காணல. வீட்டுக்குப் போ.”

“பயலுவ கேலி பண்ணினதுக்கா சாரே இப்பிடி?”

“அதுக்கில்ல மக்கா. நானும் எவ்வளவோ அடக்கிப் பாத்தேன். முடியல.”

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நூற்றியெட்டுக்குப் போன் போட்டு, சார் விஷம் குடித்துவிட்டார் என்று கதறினாள்.

“ஆரையும் விளிக்காத, எனக்க மக்கா,” என்று உள்ளிருந்து கெஞ்சினார் அவர். அதற்குள் அவள் போட்ட சத்தத்தில் துறையே திரண்டுவிட்டது. இத்தனை நாள் கேலி செய்த பையன்களே தோளால் இடித்துக் கதவைப் பெயர்த்தார்கள்.

ரெஜிஷா ஓடிப்போய் அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. 

“குழித்துறையில இருந்து வண்டி புறப்பட்டாச்சு,” என்றது போனில் ஒரு பெண் குரல். “வயித்துக்குள்ள குழாய் விட்டுக் கழுவணும். என்ன விஷம்னு கேட்டுச் சொல்லுங்க.”

“சாரே, கேட்டியளா? குப்பியில பேரே இல்ல. என்னத்தக் குடிச்சிய? உங்க கால்ல விழுதேன், சொல்லுங்க.”

ராஜையன் வாசலைப் பார்த்தார். மொத்த வகுப்பும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. படம் வரைந்த பையன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். தூரத்தில் சைரன் கேட்டது.

அவர் ரெஜிஷாவின் தலையை அருகே இழுத்து, காதோடு காதாகச் சொன்னார்.

“கோலாதான் மக்கா. சத்தம் போடாத.”