முனாஷேயின் பானை

"என் பானையில மறுபடியும் கை வச்சிருக்காங்க, சிசி. திங்கறவங்க, உப்பு போதுமான்னு ஒரு வார்த்தையாவது சொல்லிட்டுப் போகலாம்ல?"

முனாஷே ஃபிரிட்ஜிலிருந்து பானையைத் தூக்கி வந்து மேசை நடுவில் 'டங்'கென்று வைத்தான். பொது அடுக்களையில் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

லிண்டெல்வா சிரிக்கவில்லை. குழாயடியில் முதுகைக் காட்டிக்கொண்டு கோப்பை கழுவும் செம்ஹாரின் பக்கம் கண் போய்விடாமல் பார்த்துக்கொண்டாள்.

அந்த முதுகலை விடுதியில் லிண்டெல்வாவும் படிக்கிற பெண்தான். உதவி வார்டன் என்ற பேரும், அதனால் வந்த 'சிசி', அதாவது அக்கா, என்ற அழைப்பும் மட்டும் கூடுதல். சாவியை அறைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டவனுக்குக் கதவு திறப்பாள். ஊரில் தண்ணீர் நின்றுபோனால் வாளி வாளியாகப் பங்கு பிரிப்பாள். ஆய்வேட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுப்பாள்.

திருட்டு மட்டும் அவள் கையில் இல்லை. திருடியவர் அறையைக் காலி செய்துவிட வேண்டும், அதுதான் விதி.

முனாஷே போடும் கூச்சல் எப்படியோ வார்டன் காதுவரை போய்விட்டது. "நாளைக்குக் காலையில பேரோட வா" என்று சொல்லிவிட்டார்.

பேர் அவளிடம் இருந்தது.

முந்தின நாள் விடியலில் தண்ணீர் குடிக்க வந்தபோது பார்த்தாள். விளக்குப் போடாமல் செம்ஹார் இந்தப் பானையிலிருந்துதான் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்த குழி தெரியாமலிருக்க, கரண்டியின் முதுகால் மெல்லத் தடவித் தடவிச் சமன் செய்தாள்.

லிண்டெல்வா வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போய்விட்டாள்.

செம்ஹார் எரித்திரியாவிலிருந்து படிக்க வந்தவள். நாட்டில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்கக் கொடுத்த காகிதம் எங்கோ முடங்கிக் கிடக்க, உதவித்தொகை நின்றுபோயிருந்தது. அலுவலகத்தில் பேசிக்கொண்டது காதில் விழுந்ததும் லிண்டெல்வா ரொட்டி வாங்கிக்கொண்டு போய்க் கதவைத் தட்டினாள்.

"நான் சாப்பிட்டாச்சு, சிசி." ரொட்டி அப்படியே திரும்பி வந்தது. அதற்கப்புறம் தட்டியபோது கதவே திறக்கவில்லை.

இந்தப் பெண்ணை எந்தத் தெருவுக்கு அனுப்புவது?

வருடத் தொடக்கத்தில் விருந்துக்காக அறை அறையாகப் போய், யாருக்கு என்ன ஆகும், என்ன ஆகாது என்று விசாரித்ததும் லிண்டெல்வாதான். செம்ஹார் வாசலில் நின்று கூச்சத்தோடு சொன்னாள்: "புதனும் வெள்ளியும் இறைச்சி, பால், முட்டை எதுவும் தொட மாட்டேன். எங்க சர்ச்சோட விரதம்."

பக்கத்து அறையிலிருந்து முனாஷேயின் தலை நீண்டது. "என்னோடதையும் சொல்லிடறேன் சிசி. மாட்டிறைச்சி இல்லாம ஒருநாள் நான் சாப்பிட்டா, ஹராரேக்குத் தந்தி அடிச்சு எங்கம்மாவை வரச்சொல்லிடுங்க."

அன்று மூன்று பேரும் சிரித்தார்கள்.

இப்போது கட்லேகோ மேசையைத் தட்டினாள். எதையும் போட்டு உடைத்துப் பேசுகிறவள். "திருட்டுப் போகுதுன்னு தெரிஞ்சும் போன மாசம் பழசைவிடப் பெரிய பானையாப் பார்த்து வாங்கிட்டு வந்தியே, நீயெல்லாம் எப்படி டாக்டர் ஆகப்போற? மூடியைத் திற. என்னதான் போச்சுன்னு பார்ப்போம்."

"அதெல்லாம் எதுக்கு இப்ப?" முனாஷே மூடிமேல் கை வைத்தான்.

அவள் அவன் கையைத் தட்டிவிட்டுத் திறந்தாள்.

பீன்ஸ். கூடக் கொஞ்சம் பூசணிக் கீரை. மேலே எண்ணெய் மினுங்கியது. ஒரு எலும்புகூட இல்லை.

"இறைச்சி எங்கே டாக்டர்?"

"பல்வலி."

"போன வெள்ளிக்கிழமையும் பூசணிக்காயத்தான் வேகவச்சுக்கிட்டிருந்த. அன்னைக்கும் பல்வலியா?"

"என் பல்லு, என் வலி. அது வரும், போகும். உனக்கென்ன?" முனாஷே அவசரமாக மூடியைப் பிடுங்கி மூடினான்.

எல்லாரும் சிரித்தார்கள். லிண்டெல்வா மட்டும் மூடிய பானையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று புதன்கிழமை.

"சரி, பேரைச் சொல்லு லிண்டெல்வா" என்றாள் கட்லேகோ. "உனக்குத் தெரியும்னு உன் மூஞ்சியே சொல்லுது."

குழாயடியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. செம்ஹார் கழுவிய கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

லிண்டெல்வா முனாஷேயைப் பார்த்தாள். வாய் இன்னும் சண்டைக்காரன் வாயாகத்தான் இருந்தது. கண்கள் கெஞ்சின.

"தெரியலை" என்றாள். நாளைக்கு வார்டன் திட்டுவார். திட்டட்டும்.

கட்லேகோ உதட்டைப் பிதுக்கிக்கொண்டு எழுந்தாள். நாற்காலிகள் நகரும் சத்தத்தில், முனாஷே பானையைத் தூக்கக் குனிந்தான். அவன் சொன்னது லிண்டெல்வாவின் காதுக்கு மட்டும் கேட்டது.

"தேடிக்கிட்டே இரு, சிசி. கண்டுபிடிச்சுடாதே."

நிமிர்ந்தவன், தாழ்வாரக் கோடிவரை கேட்கும்படி கத்தினான். "உதவி வார்டனாம். ஒரு திருடனைப் பிடிக்கத் துப்பில்லை. எல்லாரும் கேட்டுக்கோங்க, வெள்ளிக்கிழமையும் இதே தட்டுலதான் வைப்பேன். எவன் தொடறான்னு பார்த்துடறேன்."

பானையை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், கைக்கு எட்டும்படி முன்னால் இழுத்து வைத்தான்.

செம்ஹார் குழாயை மூடினாள்.