நீளாத அடைப்புக்குறி

‘உன் வீட்டுப்பாடத்தை நீயே செய், தம்பி. சோம்பேறிகளுக்கு இங்கே இடமில்லை.’

திரையில் வந்த முதல் பதிலைப் படித்ததும் கணிதப் பேராசிரியருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடுத்த வருடம் ஓய்வு பெறப் போகிறவர் தம்பியாம்!

அவர் கேட்டது கணக்குக்கு விடை அல்ல. மூன்று வரிசையில் எண்களை அடுக்கிய அணி (மேட்ரிக்ஸ்) ஒன்றைக் கம்ப்யூட்டரில் அடித்தால், இரண்டு பக்கத்து அடைப்புக்குறியும் ஒரு வரிசை உயரத்துக்கு மேல் நீள மாட்டேன் என்றது. ஆள் உயர வாசலுக்குப் பூனை நுழையும் கதவைப் போட்டது போல இருந்தது. அதை நீட்டுவது எப்படி என்றுதான் அந்த இணைய மன்றத்தில் கேட்டிருந்தார். வகுப்புப் பழக்கம் விடாமல் கடைசியில் ‘புரிகிறதா?’ என்று ஒன்றையும் சேர்த்திருந்தார்.

‘எங்களுக்குப் புரிகிறது, உனக்குத்தான் புரியவில்லை’ என்றார் ஒருவர். ‘ஏற்கெனவே கேட்ட கேள்வி. தேடிப் பார்’ என்றார் இன்னொருவர். தேடினார். அங்கேயும் யாரோ யாருக்கோ ‘தேடிப் பார்’ என்றுதான் சொல்லியிருந்தார்கள்.

மனைவி கதவைத் தட்டினாள். உள்ளே தாழ்ப்பாள்.

“பூட்டிக்கிட்டு என்னதான் பண்றீங்க? பேனாவால ஒரு கோடு இழுத்தா முடிஞ்சது!”

“கையால போட்ட கோடு ஒண்ணுகூட இருக்கக் கூடாதுன்னு உத்தரவு.”

“அப்ப காலேஜ்ல யாரையாவது கேளுங்க.”

“கேட்டா, பக்கத்து ரூம்காரர் கதைதான் எனக்கும்.”

அந்தக் கதை கல்லூரியில் எல்லோருக்கும் தெரியும். போன வருடம் கணக்கு வினாத்தாள் டைப்பிங் அறையிலிருந்து வெளியே போய்விட்டது. தப்பு யாருடையதோ, வேலை போனது தயாரித்தவருக்கு. அவர் அறைக் கதவில் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் இப்போது ஆணித் துளைகள் மட்டும்தான் இருக்கின்றன.

இந்த வருட வினாத்தாள் பேராசிரியர் தலையில் விழுந்தது. யாரிடமும் கொடுக்காமல் அவரே வீட்டில் அடித்து, அவரே உறையில் போட்டு ஒட்டித் தர வேண்டும். முதல்வர் குரலை உயர்த்தாமல் சொல்லியிருந்தார். “ஒரே ஒரு கணக்கு வெளிய போனாலும் உங்களைக் காப்பாத்த என்னால முடியாது.” அன்றிலிருந்து பேராசிரியருக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வாரம் தேர்வு. இன்று சாயங்காலம் உறையை வாங்க முதல்வரின் டிரைவர் வருவார்.

மறுபடி திரையைப் பார்த்தார். புதிதாக ஒரு பதில் வந்திருந்தது.

‘வணக்கம் சார். அவங்க பேசினதை மனசுல வெச்சுக்காதீங்க.’

‘பனிமலை’ என்று பெயர். படத்தில் வெள்ளைத் தாடிக் கிழவர், அவருக்குப் பின்னால் பனி மூடிய கூரை. இத்தனை பேரில் ஒருவராவது மரியாதை தெரிந்தவராக இருக்கிறாரே என்று பேராசிரியருக்கு மனசு குளிர்ந்தது.

‘நீங்க போட்ட அணி இங்க ஒழுங்கா வருது சார். தப்பு ஃபைல்ல வேற எங்கேயோ இருக்கு. முழுசா அனுப்பினாத்தான் கண்டுபிடிக்க முடியும்.’

மன்றத்தில் பேராசிரியர் போட்டிருந்தது சும்மா எண்களை நிரப்பிய அணி. ஃபைலில் இருப்பதோ நிஜமான வினாத்தாள். மாட்டேன் என்று எழுதினார், அழித்தார். மணியைப் பார்த்தார். கல்லூரிப் பெயர், தேதி, மதிப்பெண் எல்லாவற்றையும் ஃபைலிலிருந்து வெட்டினார். மிச்சம் வெறும் கணக்கு. எங்கோ பனியில் உட்கார்ந்திருக்கும் கிழவர் இதை வைத்து என்ன செய்யப் போகிறார்? இருந்தாலும் பாதியை மட்டும், அவர் ஒருவருக்கே தனிச்செய்தியில் அனுப்பினார்.

வெகு நேரம் பதிலே இல்லை. தெருவில் கார் நிற்கும் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

‘மீதி எங்க சார்?’

பேராசிரியர் உடனே திருப்பிக் கேட்டார். ‘மீதி இருப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்?’

‘கடைசிக் கணக்கு பாதியில நிக்குதே சார். பயப்படாம அனுப்புங்க.’

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? மீதியையும் அனுப்பிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் ஃபைல் திரும்பி வந்தது. வேண்டாத வரி ஒன்றைத் தூக்கியிருந்தார் கிழவர், அவ்வளவுதான். அடைப்புக்குறி அணியின் உச்சியிலிருந்து அடிவரை நிமிர்ந்து நின்றது. வெட்டியதையெல்லாம் திரும்பச் சேர்த்து, அச்செடுத்து, உறையில் போட்டு அரக்கு வைப்பதற்கும் டிரைவர் வாசல் மணியை அடிப்பதற்கும் சரியாக இருந்தது.

கார் தெருமுனை திரும்பியதும்தான் அவருக்கு மூச்சே வந்தது. ‘ஐயா, ஒரு தடவை வாயால் நன்றி சொல்ல வேண்டும், எண் தருவீர்களா?’ என்று கேட்டார். கொஞ்சம் தயங்கித்தான் எண் வந்தது. அதைச் சரியாகக்கூடப் பார்க்காமல் செல்போனில் அழுத்தினார்.

“ஐயா, இந்த உதவியை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் கணக்கெல்லாம் வேற யார் கண்ணுலயும் படாமப் பாத்துக்கங்க. என் வேலையே அதுலதான் இருக்கு.”

மறுமுனையில் பல பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது. யாரோ ‘உஷ்’ என்றார்கள். பிறகு, தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இளம் பெண் ஒருத்தியின் குரல் பணிவாகச் சொன்னது.

“கவலைப்படாதீங்க சார், கடைசி பெஞ்சைத் தாண்டி வெளிய போகாது!”