நான்கு நல்ல பற்கள்

"உங்க பொண்ணா இருந்தா என்ன செய்வீங்க டாக்டர்?"

கேட்டுவிட்டு மெர்லினின் அம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்று வாரத்தில் இதே கேள்வியை மூன்றாவது முறையாகக் கேட்கிறாள்.

நாகர்கோவிலில் முதல் டாக்டர் நிமிரவே இல்லை. மேலே இரண்டு, கீழே இரண்டு, நல்ல பற்கள் நான்கைப் பிடுங்கினால்தான் கம்பி போட இடம் கிடைக்கும் என்றார். பிடுங்க நேரமும் குறித்துவிட்டார். அது நாளை காலை பத்து மணி.

மார்த்தாண்டத்தில் இரண்டாமவர், பல்லில் கை வைக்கவே கூடாது என்றார். பதினெட்டு வயது வரட்டும். தாடையை அறுத்து முன்னால் நகர்த்திவிடலாம்.

மெர்லினுக்குப் பதின்மூன்று. மேல்வரிசை முன்பற்கள் உதட்டை மீறித் துருத்தி நிற்கும்.

பதினெட்டு வரை மகள் காத்திருக்க மாட்டாள். அது அம்மாவுக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு காலையில் தலையணை உறையில் ரத்தம். மாவுப் பொட்டலத்தில் வந்த ரப்பர் பேண்டை மேல்வரிசை முன்பற்களில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு தூங்கியிருந்தாள் மெர்லின். அது ஈறுக்குள் ஏறிவிட்டிருந்தது. ஜன்னலோரம் உட்கார்த்தி, சின்னக் கத்தரியால் அம்மாதான் வெட்டி எடுத்தாள்.

மெர்லின் அழவில்லை.

"பல்லு கொஞ்சம் உள்ள போயிருக்கா, பாரும்மா" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது பாளையங்கோட்டையில் இந்த மூன்றாவது டாக்டர். மெர்லினை வாய் திறக்கச் சொல்லி வெகுநேரம் பார்த்தார். எக்ஸ்ரேயை இரண்டு முறை பார்த்தார். வளர்ச்சி மிச்சம் இருக்கிறதா என்று கழுத்தெலும்புப் படத்தையும் பார்த்தார்.

"தெரியலம்மா" என்றார்.

தவறாகக் கேட்டுவிட்டோமோ என்று அம்மா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"வளர்ச்சி இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு. கழட்டி மாட்டுற கிளிப் ஒண்ணு தரலாம். கீழ்த்தாடை முன்னால வரலாம். வராமலும் போகலாம். ஆறு மாசம் பாப்போம். அப்பவும் வரலேன்னா அந்த நாலு பல்லை நானே எடுக்கச் சொல்லுவேன். ஆனா எடுத்த பல்லைத் திருப்பி வைக்க முடியாது."

"உறுதியா வருமா டாக்டர்?"

"உறுதியாச் சொல்றவங்கதான் வேணும்னா, நான் அந்த ஆள் இல்லம்மா."

அம்மா படியிறங்கினாள். ஒரு பதிலுக்காக வந்தவள். இப்போது கையில் மூன்று.

மஸ்கட்டிலிருந்து கணவன் கூப்பிட்டான்.

"பத்து பேருட்ட கேட்டா பத்தும் சொல்லுவான். நாளைக்கே கொண்டுபோய் பிடுங்கிரு."

சரி என்றாள். வேறென்ன சொல்ல.

ஊர் திரும்பும் பஸ் நாங்குநேரியைத் தாண்டும்போது மறுபடி போன் அடித்தது. முதல் டாக்டரின் கிளினிக்.

"நாளைக்கு மெர்லின் வாறாங்கல்லா? காலைல நல்லா சாப்பிட வச்சுக் கூட்டிட்டு வாங்கம்மா."

அம்மா மெர்லினின் முகத்தைப் பார்த்தாள்.

"ஹலோ? ஹலோ?"

மெர்லின் அவள் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"மெர்லின்தான் பேசுறேன். நாளைக்கு வரல."

முன் இருக்கையிலிருந்து இருவர் திரும்பிப் பார்த்தார்கள். எட்டு மாதமாக வகுப்பில் ஆஜர் சொல்லக்கூட வாயைத் திறக்காமல், எழுந்து நின்று கையை மட்டும் தூக்கும் பெண் மெர்லின். அவர்கள் பார்ப்பதைப் பார்த்தாள். தலையைக் குனியவில்லை.

"வேற நாளும் வேண்டாம்க்கா" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அம்மா போனைப் பிடுங்கினாள்.

"மக்ளே, உனக்கு என்ன தெரியும்? ஆறு மாசம் கழிஞ்சு இதுவும் சரியாகலேன்னா? அப்ப என்னத்தச் செய்யப் போற? திரும்பவும் ரப்பர் பேண்டா?"

சத்தம் கூடிவிட்டது. கண்டக்டர் கூடப் பார்த்தார்.

மெர்லின் அம்மா பக்கம் திரும்பினாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கும்மா" என்றாள். "ஆனா இந்த டாக்டருதான் என் வாயப் பாத்துட்டு, தெரியலன்னாரு. மத்தவங்க படத்தத்தான் பாத்தாங்க."

கிளினிக் ஆறு மணிக்கு மூடும். இன்னும் கால் மணி நேரம் இருந்தது. எண் அம்மா கையிலிருந்த போன் திரையிலேயே இருந்தது. ஒரு விரல் போதும். சின்னப் பிள்ளை, தெரியாமல் சொல்லிவிட்டாள், பத்து மணிக்கே வருகிறோம் என்று சொல்லிவிடலாம்.

வள்ளியூர் வந்தது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள்.

பஸ் கிளம்பும்போது மணி ஆறு ஐந்து. அம்மாவின் விரல் அந்த எண்ணைத் தொடவே இல்லை.