கண்ணாடிக்குச் சூடு

ஊட்டி மலைப் பந்தயத்துக்காக, தூத்துக்குடித் தோணிக்காரர் மகன் விக்டரின் காரில் பின் சீட்டு, கம்பளம் எல்லாவற்றையும் மெக்கானிக் தாணுலிங்கம் கழற்றிவிட்டார். ஹீட்டரை மட்டும் தொடவில்லை.

"இந்த வெயில்ல நின்னுக்கிட்டு ஹீட்டருக்கு அழுவுதீரே, அண்ணாச்சி. எடை கூடுனா தோத்துருவோம். அதையும் கழட்டும்," என்றான் விக்டர்.

"மலையில கண்ணாடி பூரா பனி படிஞ்சுரும், தம்பி. சூடு இல்லன்னா ரோடு தெரியாம பள்ளத்துலதான் போவீய."

மூன்று நாள் சண்டைக்குப் பிறகு, "சரி, ஹீட்டர் இருக்கட்டும்," என்று விக்டர் இறங்கிவந்தான்.

பந்தயத்தன்று விடியற்காலை இருட்டில் ஊட்டியில் கடும்பனி. தாணுலிங்கம் எஞ்சினை முடுக்கி, ஹீட்டரைப் போட்டார். சூடு ஏறுகிறதா என்று முன் கண்ணாடியைத் தொடப் போனார். கை நேராக வெளியே போனது.

"எடை குறையணும்லா, அண்ணாச்சி? அதான் ராத்திரியே கண்ணாடியக் கழட்டிட்டேன்," என்றான் விக்டர். "தோணியில வளந்தவனுக்கு எதிர்காத்து என்ன புதுசா?"