எடுக்காத காப்பீடு

"தமிழினிங்கிறது யாரு?"

தாம்பரம் வங்கிக் கிளையில் ஒரு பெண்மணி உரக்கக் கேட்ட கேள்விக்கு மேனேஜர் பத்ரியே அறையிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"நான்தான் மேடம்" என்றாள் கார்டு பிரிவில் இருந்த தமிழினி.

"போன வருஷம் கிரெடிட் கார்டுக்கு இன்சூரன்ஸ் எடுக்க வந்த சம்பத்தை, வேண்டாம்னு திருப்பி அனுப்பினது நீதானே? நான் அவர் சம்சாரம்."

தமிழினி தலையாட்டினாள். இன்சூரன்ஸ் விற்பனை டார்கெட் முடிக்கவில்லை என்று ஏற்கெனவே ஒரு மெமோ வாங்கியிருந்தாள். இன்னொன்று வந்தால் வேலை போய்விடும்.

"என்னம்மா சொன்னே அவர்கிட்ட?" பத்ரி பல்லைக் கடித்தார்.

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான் சார். விபத்துல உயிர் போனாதான் இது செல்லும், நோய்ல போனா செல்லாது. செல்லுபடியானாலும் கார்டு பாக்கிதான் கழியும், வீட்டுக்கு ஒரு பைசா வராது. அந்தக் காசுக்கு, எப்படிப் போனாலும் குடும்பத்துக்குப் பணம் வர்ற டேர்ம் பாலிசி போடுங்கன்னேன்."

"நல்லா வித்தே போ! மேடம், ஃபாரம் இப்பவே தரேன். சாரை வந்து ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

"அவர் வரமாட்டார் சார். மூணு மாசத்துக்கு முன்னாடி மாரடைப்புல போயிட்டார்."

பத்ரி எடுத்த ஃபாரத்தைத் திரும்ப மேசையில் வைத்தார்.

அந்தப் பெண்மணி தமிழினியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ சொன்ன பாலிசியத்தான் போட்டாரும்மா. நேத்து பணம் வந்துது. என் பொண்ணு காலேஜை நிறுத்த வேண்டியதில்லை. துக்க வீட்டுலேர்ந்து இனிப்பு கொண்டுபோகக் கூடாதுன்னாங்க. அதான் வெறுங்கையோட வந்துட்டேன்."

பிறகு பத்ரியிடம் திரும்பினாள்.

"ஒரு பேப்பர் குடுங்க சார். இந்தப் பொண்ணைப் பத்தி உங்க பெரிய ஆபீசுக்கு நாலு வரி எழுதணும்."

பத்ரி காகிதத்தோடு தன் பேனாவையும் எடுத்துக் கொடுத்தார்.