ஜட்ஜ் வீட்டைக் கட்டியவர்

கழற்றி எடுத்துவந்த பித்தளைப் பலகையை நகரசபை மேஜைமேல் டொம்மென்று வைத்தார் அர்டீலியா. கூடவே நாலு திருகாணிகள்.

"நான் சர்ச்சுக்குப் போன நேரம் பார்த்து இதை என் வீட்டுச் சுவத்துல அடிச்சது யாரு?"

"நாங்கதான், மிஸ் அர்டீலியா," என்றாள் ஊர் வரலாற்றுச் சங்கத் தலைவி லோரெய்ன். "நம்ம ஊர்லயே பழைய வீடு. அடையாளம் வேண்டாமா?"

"என்ன எழுதியிருக்கு, படி."

"'1858-ல் நீதிபதி க்ரோ கட்டிய இல்லம்.' இதுல என்ன தப்பு?"

"அவர் ஒரு செங்கல்லாவது தூக்கினாரா? கூரை ஒழுகுதுன்னு பரண்மேல ஏறினேன். உத்தரத்துல காய்ச்சின கம்பியால 'ஐசம்'னு சுட்டிருக்கு. ஜட்ஜோட அடிமை. கீழேயே இன்னும் பதினோரு அடிமைங்களோட பேரும் இருக்கு. கட்டினது அவங்கதான். அந்தப் பேரையெல்லாம் போடுங்க."

உறுப்பினர் ஹார்லன் சிரித்தார். "ஊர் பார்க்க வர்றவங்க முகம் சுளிப்பாங்களேம்மா!"

"சுளிக்கட்டும்."

"பலகை இருந்தாத்தான் கூரையைச் சங்கம் சரிபண்ணித் தரும். புயல் மாசம் வருது," என்றாள் லோரெய்ன்.

"வாளி வெச்சுக்கறேன்."

பின்வரிசையில் முணுமுணுப்பு. "முப்பது வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஜட்ஜ் வீட்டையே வாங்கிட்டாள்ல, அந்தத் திமிர்!"

பக்கத்தில் இருந்த தோழி அர்டீலியாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "விடுக்கா. நம்ம கறுப்பு ஜனம் சொல்லி இங்க யார் கேட்டிருக்கா? கூரையைப் பாரு."

அர்டீலியா உட்காரவில்லை.

லோரெய்னுக்குப் பொறுமை போய்விட்டது. "க்ரோ என் முப்பாட்டன். உங்க முப்பாட்டன் பேரு வேணும்கறதுக்காக எங்க வம்சத்தை அசிங்கப்படுத்தணுமா?"

"ஐசம் எனக்கு ஒட்டுமில்ல, உறவுமில்ல."

"பின்னே எதுக்கு இந்தப் பிடிவாதம்?"

"நம்ம வீட்டு ஆள் மறைச்சதை நாமதானே சொல்லணும்?"

"நம்ம வீட்டு ஆளா?"

அர்டீலியா பலகையை அவள் பக்கம் தள்ளினார்.

"அவர் வீட்டுச் சமையல்காரிக்குப் பொறந்த பிள்ளைதான் என் பாட்டியோட அப்பா. க்ரோ எனக்கும் முப்பாட்டன்தான், லோரெய்ன்."