முன்னால் ஓடியவர்

பூங்காவுக்குள் நுழைந்ததும் மின்சைக்கிள், முன்னால் நடப்பவரின் வேகத்துக்குத் தானாகவே அடங்கிவிடும். இது தெரிந்தும், நேரமாகிவிட்டதே என்று பூங்கோதை குளக்கரைக் குறுக்குப் பாதையில் வந்துவிட்டாள். முன்னால் கனகசபை என்றொரு பெரியவர் ஆற அமர நடந்துகொண்டிருந்தார். இருபுறமும் வேலி, ஒதுங்க இடமில்லை.

“ஏனுங்க, கொஞ்சம் வெரசா நடக்கறீங்களா? இன்னிக்கு எனக்குக் கல்யாணமுங்க! ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மாப்பிள்ளை காத்துட்டிருக்காரு.”

அவர் திரும்பி அவளுடைய பட்டுப் புடவையைப் பார்த்தார்.

“அட, மொதல்லயே சொல்றதில்லையா கண்ணு!”

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடத் தொடங்கினார். சைக்கிளும் வேகமெடுத்தது.

“ஓடுங்க, ஓடுங்க! பொண்ணு வருது!” என்று அவர் கூவ, முன்னால் நடந்தவர்களும் சிரித்துக்கொண்டே ஓடினார்கள்.

பூங்காவின் வெளிவாசலில் மூச்சிரைக்க நின்றவரிடம் பூங்கோதை கேட்டாள்: “சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆள் கொறையுதுங்க. வர்றீங்களா?”

கனகசபை பின்சீட்டில் ஏறிக்கொண்டார்.

“இப்ப ஓட்டு கண்ணு, வேகமா!”